மிச்சம் எங்கே போகிறது

சிலப்பதிகாரத்தை நாம் வாசிக்கிற விதத்தில் ஒரு மோசடி இருக்கிறது. நானும் அதில் பங்குதாரன். இசைக்கணக்கு வரும் இடங்களைத் தாண்டிப் போய்விட்டு, காவியத்தின் அமைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறோம். பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்த எனக்கு ஆய்ச்சியர் குரவை ஏதோ நாட்டுப்புறச் சுவை என்றுதான் பட்டிருந்தது. அதை மாற்றியது புஸ்தகம் அல்ல, ஒரு ஆர்மோனியப் பெட்டி.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் கூத்துக்குப் பெட்டி வாசிக்கும் பெரியவரிடம், பாங்க் வேலை முடிந்த மாலைகளில் கற்றுக்கொள்கிறேன். நகர்த்திச் சுருதி மாற்றும் ஸ்கேல் சேஞ்சர் பெட்டி அவரிடம் இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு வேஷக்காரரின் தொண்டை ஐந்தரைக் கட்டையிலிருந்து ஐந்துக்கு இறங்கினால், இவர் விரல்கள்தாம் கூட இறங்க வேண்டும். ஆகவே எந்தப் பாட்டையும் முழுக்கட்டை ஏழிலும் அரைக்கட்டை ஐந்திலும் வாசிக்கச் சொல்கிறார். "பாட்டு மாறாது சார், கைதான் மாறும்."

மோகனம் ஒரு கட்டையில் ஐந்தும் வெள்ளை. நாலரைக் கட்டையில் ஐந்தும் கறுப்பு. கண்ணுக்கு எதிரெதிர், காதுக்கு ஒன்று. ஒரு நாள் அதே ஐந்து கறுப்பை வைத்துக்கொண்டு ஆதாரத்தை மட்டும் ரிஷபத்துக்கு மாற்றினார், மத்தியமாவதி. காந்தாரத்துக்கு மாற்றினார், ஹிந்தோளம். இப்போது கை மாறவில்லை, பாட்டு மாறிவிட்டது. வித்வான்கள் கிரகபேதம் என்பது இதைத்தான்.

குரவையில் மாதரி ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிடுகிறாள். துத்தம் குரலானால் பாலை வேறாகிறது. நரம்பு நின்ற இடத்தில் நிற்கிறது. குரல் என்ற பெயர் நகர்கிறது. இளங்கோவின் காவிய முறையும் இதுவே என்று எனக்குப் படுகிறது. புகாரில் எல்லாம் கோவலனிலிருந்து அளக்கப்படுகின்றன, மதுரையில் அரச நீதியிலிருந்து, வஞ்சியில் தெய்வத்திலிருந்து. கண்ணகி அதே கண்ணகி. மூன்று காண்டங்களுக்கும் 'பத்தினி' என்ற ஒரே ஆதாரத்தை வைத்து வாசிப்பவர்கள் கட்டையைத்தான் மாற்றுகிறார்கள்; பாலை திரிந்தது அவர்கள் காதில் விழவில்லை.

இங்கே ஆபிரகாம் பண்டிதரோடு எனக்குப் பிணக்கு. கருணாமிர்த சாகரத்தில் (1917) அவர் இருபத்திரண்டு சுருதியை மறுத்து, இருபத்திநான்கு சமபங்கு என்று நிறுவினார். சிலம்பின் இசையை இசையாகவே வாசித்த பெரும் உழைப்பு அது. விபுலானந்தர் யாழ் நூலில் (1947) இருபத்திரண்டிலேயே நின்றார். சமபங்கென்றால் எந்தக் கட்டையிலும் எல்லாம் பொருந்தும். ஆனால் சுத்தமான பஞ்சமத்தைப் பன்னிரண்டு தடவை ஏறினால் ஏழு ஸ்தாயிக்கு மேல் கொஞ்சம் மிஞ்சுகிறது, அரைச்சுரத்தில் ஏறக்குறைய கால் பங்கு. ஆர்மோனியம் அந்த மிச்சத்தைப் பன்னிரண்டு பஞ்சமங்களிலும் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. அகில இந்திய வானொலி 1940இல் பெட்டியைத் தள்ளிவைத்ததற்கு இந்தக் கரைசலும் ஒரு காரணம்.

பாங்கில் சாயங்காலம் கணக்கு நேராகாவிட்டால், வித்தியாசத்தை எல்லார் கணக்கிலும் பைசா பைசாவாகப் பிரித்துப் போட முடியாது. சஸ்பென்ஸில் தனியாக எழுதிவைக்க வேண்டும், விடை கிடைக்கும்வரை.

மதுரை எரிந்தது அப்படியொரு மிச்சம். நீதியென்றோ ஊழென்றோ காவியம் முழுக்க அதைக் கரைத்துவிட்ட வாசிப்புகள் எந்தக் கட்டையிலும் இனிமையாக ஒலிக்கின்றன. நானும் அப்படி ஒன்று எழுதினேன், நண்பர்கள் பாராட்டினார்கள். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பெரியவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் பெட்டியை நிறுத்திவிட்டு வாயால் பஞ்சமம் பிடித்தார். பிறகு கட்டையை அழுத்தினார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை. "பாடுறவங்க தொண்டை அதைத் தானாப் பாத்துக்கும் சார்" என்றார். விமரிசகனுக்குத் தொண்டை கிடையாது. காதாவது இருக்க வேண்டும்.