குருதியில் நிலைத்தால் மட்டும் போதுமா?

மார்ஃபின் பற்றும் அதே ஏற்பிகளைப் பற்றும் பொருளை நம் உடலே ஆக்குகிறது என்பது 1975இல் தெளிவாயிற்று. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்த அப்பொருள் என்கெபலின் எனப்பட்டது. ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு அது. குருதியில் செலுத்தினால் சில நிமிடங்களில் நொதிகள் அதை நறுக்கிவிடும். முக்கியமான வெட்டு முதலாவதான டைரோசினுக்கும் இரண்டாவதான கிளைசினுக்கும் நடுவே விழுகிறது.

ஆகவே வேதியியலார் இரண்டாமிடத்தில் டி-அலனினை வைத்தனர். இயற்கை அலனினின் கண்ணாடிப் பிம்பம் போன்ற வடிவம் அது. நொதியின் பிடிக்குள் பொருந்தாது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் ஆக்கிய 82/205 என்ற சேர்மமும் இவ்வகையே.

இதுவரை சரி. குறை, இச்சாதனையை நாம் எடுத்துரைக்கும் முறையில் உள்ளது. “குருதியில் நெடுநேரம் நிலைக்கிறது” என்றவுடன் மருந்தே கிடைத்துவிட்டதாகக் கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. எந்தக் குருதியில்? பெரும்பாலும் சோதனைக் குழாயில் 37 டிகிரி செல்சியசில் வைத்த பிளாஸ்மாவில். அங்கே சிறுநீரகமும் இல்லை, கல்லீரலும் இல்லை. குருதி உறையாதிருக்க ஈ.டி.டி.ஏ. சேர்த்திருந்தால் முடிவு இன்னும் ஐயத்துக்குரியது. அது துத்தநாக அயனியைக் கவர்ந்துகொள்ளும். என்கெபலினை வெட்டும் முக்கிய நொதிகளோ துத்தநாகமின்றி இயங்கா. கத்தியைப் பூட்டி வைத்துவிட்டு, காய் வெட்டுப்படவில்லை என்று மெச்சிக்கொள்வதா? இத்தகைய அட்டவணையைக் காணும் மாணவர், எந்த விலங்கின் குருதி, எந்த உறைதடுப்பான் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, சேருமிடம். கிருஷ்ணகிரி மாங்காய் ஏற்றிய லாரி பழுதின்றி ஓசூர் வந்துவிட்டாலும், ஒரு காலத்தில் ஜுஜுவாடி சோதனைச் சாவடி விட்டால்தான் பெங்களூர் போய்ச் சேரும். மூளைக்கும் அப்படி ஒரு குருதித் தடுப்பு உண்டு. பெப்டைடுகளை அது எளிதில் விடுவதில்லை. போதாததற்குப் பக்கவிளைவுகள் வேறு. சாண்டோஸ் நிறுவனத்தார் 1977இல் அறிவித்த எஃப்.கே. 33-824 நன்றாகவே நிலைத்தது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் தசைகளில் கனமும் மார்பில் இறுக்கமும் உணர்ந்தனர். வலி மருந்தாக அது கடைக்கு வரவில்லை.

2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டைஃபெலிகெஃபாலினில் நான்கு டி-அமினோ அமிலங்கள் உள்ளன. அது மூளைக்குள் அதிகம் புகாதவாறே வடிவமைக்கப்பட்டது; டயாலிசிஸ் செய்துகொள்வோரின் தீராத அரிப்புக்குத் தரப்படுகிறது. அவர்கள் குருதியில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள். சிறுநீரகம் நலமாக உள்ளவரிடம் அதே மூலக்கூறு சில மணி நேரத்தில் வெளியேறிவிடுகிறது.