பெருவேட்டைத் தோட்டா: மரபுகளும் அளவுகோல்களும்

பெரிய விலங்கை வேட்டையாட எந்தத் தோட்டா ஏற்றது என்ற வாதம் ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டி இன்னும் ஓயவில்லை. குழலின் விட்டத்தைப் பெரிதாக்கு என்றது ஒரு தரப்பு; வேகத்தைக் கூட்டு என்றது மறுதரப்பு. இரண்டிலும் பழுத்த அனுபவசாலிகள் இருந்தார்கள். இரு தரப்புச் சான்றுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: விலங்கு விரைவாக விழுந்ததா, காயத்தோடு ஓடி எங்கோ புதரில் கிடந்து மாண்டதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவை குண்டின் கட்டமைப்பும் அது பட்ட இடமும்தான். ஆகவே தோட்டா வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இந்தக் குண்டு உடலுக்குள் நுழைந்தபின் என்ன ஆகும் என்பதே.

பெருங்குழல் மரபின் தொடக்கம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சாமுவேல் பேக்கர் 1840களில் இலங்கையில் யானை வேட்டைக்குப் பயன்படுத்திய ரைபிளின் எடை 21 பவுண்டு. அதன் உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ். கருமருந்தைக் கொண்டு வேகத்தை அதிகம் கூட்ட முடியாது. குண்டின் எடையைக் கூட்டுவதே அன்றைக்கு இருந்த வழி. பின்னர் வந்த எக்ஸ்பிரஸ் ரைபிள்கள் ஏராளமான மருந்தையும், மூக்கில் குழிவிட்ட இலேசான ஈயக் குண்டையும் சேர்த்தன. மானுக்கு அது போதும். கனத்த விலங்கின் தோளெலும்பில் பட்டால் அந்தக் குழிக்குண்டு மேற்சதையிலேயே சிதறிவிடும். இதைக் கண்டித்து, .577 ரைபிளுக்குக் குழியில்லாத முழு ஈயக் குண்டே வேண்டும் என்று பேக்கர் தமது 1890ஆம் ஆண்டு நூலில் வாதாடினார். குழலை மாற்ற வேண்டியதில்லை, குண்டை மாற்றினால் போதும் என்ற அந்தத் தீர்ப்பை அடுத்து வந்தவர்கள் அரைக் காதால்தான் கேட்டார்கள்.

1898இல் ரிக்பி நிறுவனம் கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், கருமருந்துக்குப் பதிலாகக் கார்டைட் என்னும் புகையற்ற மருந்தைக் கொண்டு 480 கிரெயின் குண்டை விநாடிக்கு 2150 அடி வேகத்தில் செலுத்தியது. இந்தத் தோட்டா கிளர்ச்சிக்காரர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் அதைத் தடைசெய்ய, .465, .470, .475 என்று வரிசையாகப் புதியவை பிறந்தன. அரசாணையால் பிறந்த இந்த வேறுபாடுகளை வேட்டைத் தத்துவமாகப் பேசியவர்கள் பலர். எந்தக் காட்டெருமைக்கும் அவற்றிடையே பேதம் தெரிந்திருக்காது. அக்காலத்தின் உண்மையான முன்னேற்றம் வேறிடத்தில் இருந்தது. வெயிலில் சூடேறிய கார்டைட் மருந்தின் அழுத்தம் உயர்ந்து, தோட்டாவின் பித்தளைக் கூடு ரைபிளின் அறையில் சிக்கிக்கொள்வதுண்டு. அதைத் தவிர்க்கவே 1911இல் வந்த .416 ரிக்பிக்குப் பெரிய கூடு கொடுத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள்.

சிறுகுழல் தரப்பு எப்போதும் முன்னிறுத்தும் பெயர் டபிள்யூ. டி. எம். பெல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க யானைகளைக் கொன்றவர். அவற்றில் பெரும்பகுதிக்கு அவருக்கு உதவியது 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டா. அப்படியானால் சிறு குண்டே போதாதா என்று கேட்பார்கள். பெல் பயன்படுத்தியது 173 கிரெயின் எடையும் முழு உலோக உறையும் கொண்ட நீண்ட குண்டு. வளையாமல், விரியாமல் எலும்பைத் துளைத்துப் போகும். யானையின் மண்டையோட்டு அமைப்பைப் படித்து, மூளையைக் குறிவைத்தே அவர் சுட்டார். இவ்விரண்டும் இல்லாதவருக்கு அவருடைய காலிபர், அதாவது குழல் விட்டம், மட்டும் என்ன செய்யும்? மறுபக்கம், ஆப்பிரிக்க யானை வேட்டைக்காரரான ஜான் டெய்லர் 1948இல் ஒரு வாய்பாடு தந்தார்: எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி 7000ஆல் வகுக்க வேண்டும். அந்தக் கணக்கில் .470க்கு ஏறத்தாழ 73 மதிப்பெண். பெல்லின் தோட்டாவுக்கு 16 அளவில். மூளை தப்பிய குண்டு யானையை எவ்வளவு தடுமாறச் செய்யும் என்று ஒப்பிட அது பயன்படும். எல்லா விலங்குக்கும் எல்லாக் குண்டுக்கும் அதைப் பொருத்துவது தவறு. குண்டின் கட்டமைப்புக்கு அந்த வாய்பாட்டில் இடமே இல்லை.

அமெரிக்காவில் இதே வழக்கு வேறு பெயர்களில் நடந்தது. 1925இல் வந்த .270 வின்செஸ்டரையும் அதன் வேகமான 130 கிரெயின் குண்டையும் வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் போற்றினார். பெரிய, கனத்த குண்டே வேண்டும் என்றார் மற்றொரு எழுத்தாளரான எல்மர் கீத். இந்தச் சண்டைக்கு விடை தந்தவர் ஜான் நாஸ்லர் என்பேன். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் மானின் மீது அவருடைய வேகமான குண்டுகள் ஆழம் போகாமல் சிதறின. வீடு திரும்பி அவர் வடிவமைத்த பார்ட்டிஷன் குண்டை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் உறையின் நடுவே ஒரு குறுக்குச் சுவர் தெரியும்; முன்னறையிலும் பின்னறையிலும் தனித்தனியே ஈயம். முன்பாதி விரிந்து காயத்தை அகலமாக்கும். பின்பாதி சுவரின் காவலில் குலையாமல் ஆழம் போகும். அதன்பின் நடுத்தர காலிபர்களே பெரிய மான்களுக்குத் தாராளமாகப் போதுமானவை ஆயின.

மிகத் துல்லியமாகப் போகும் தோட்டாவே சிறந்தது என்போரும் உண்டு. குண்டுகள் சிதறி விழும் அளவைக் கோண நிமிடத்தில் கணக்கிடுவார்கள்; 200 மீட்டரில் ஒரு கோண நிமிடம் என்பது சுமார் 6 சென்டிமீட்டர். இரண்டு நிமிடம் 12. மானின் நெஞ்சில் உயிர்நிலைப் பகுதி 20 சென்டிமீட்டருக்குக் குறையாது. இரண்டு நிமிடத் தோட்டாவே அதற்குள் அடங்கிவிடும். மிச்சப் பிழை சுடுபவரின் தோளிலும் மூச்சிலும் இருக்கிறது. தாளில் ஒரே துளையாக விழும் போட்டிக் குண்டு பலவும் சதைக்குள் சீராக விரியும்படி செய்யப்பட்டவையே அல்ல. வேட்டைக்கு வேண்டிய துல்லியம், குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுவது.

சட்டங்களும் அளவுகோல் வகுத்திருக்கின்றன. ஜெர்மனி சிறிய ரோ மானுக்கு 100 மீட்டரில் 1000 ஜூல் கேட்கிறது. அதைவிடப் பெரியவற்றுக்கு 2000 ஜூலும் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் விட்டமும். சுவீடன் பெரிய விலங்குக்கு 10 கிராம் குண்டென்றால் 2000 ஜூலோடு விடுகிறது. 9 கிராம் என்றால் 2700 கேட்கிறது. எடையையும் கணக்கில் கொள்வதால் சுவீடன் விதியே மேல். குண்டின் கட்டமைப்பே முதன்மை என்றால் இந்த ஆற்றல் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். போதிய வேகமும் எடையும் இல்லாமல் எந்தக் குண்டும் விரியாது, ஆழமும் போகாது. அது வாசற்படி, அதற்குமேல் இல்லை. ஃபின்லாந்து ஒரு படி மேலே போய் ஆளையே சோதிக்கிறது: மூஸ் வேட்டைக்குப் போகிறவர் 75 மீட்டரில் 23 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நான்கு குண்டுகளையும் போட வேண்டும்.

கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டை முற்றாகத் தடைசெய்தது. காரணம், ஈயத் துணுக்கு கலந்த இறைச்சி மிச்சங்களைத் தின்று காண்டர் கழுகுகள் நஞ்சேறி மடிந்தன. செப்புக் குண்டு ஈயத்துக்கு ஈடாகாது என்ற புகார் பழைய வடிவங்களுக்குப் பொருந்தலாம். இன்றைய செப்புக் குண்டு துண்டாகாமல் ஆழம் போகிறது. ஆனால் விரிய அதற்குக் கூடுதல் வேகம் வேண்டும் என்பதால் தூரத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் இன்றைய வடிவப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. சட்டம் இடம்தரும் நாடுகளில் உரிமம் பெற்று வேட்டைக்குப் போகும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் விலங்குக்கு ஏற்ற கட்டமைப்புள்ள குண்டுகளில் இரண்டு மூன்று வகையை வாங்கி உங்கள் ரைபிளிலேயே சுட்டுப் பாருங்கள்; சீராக விழும் ஒன்றை ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து பருவம் முழுமைக்கும் வாங்கிவையுங்கள்; எந்தத் தூரத்துக்குள் அது நம்பகமாக விரிகிறதோ, அதற்கு அப்பால் நிற்கும் விலங்கைச் சுடாதீர்கள்.