பொருளிற் பிறக்கும் எழுத்து

எழுத்து என்பது ஒலியின் வரிவடிவம் என்று பள்ளியில் கற்பிக்கப்படுகிறது. அவ்வடிவம் ஏன் அவ்வாறு அமைந்தது என்னும் வினாவோ வகுப்பறையில் அரிதாகவே எழுகிறது. அச்சுக்கலையையும் வடிவமைப்பையும் கற்பிக்கும் கல்லூரிகளில் இவ்வினாவை எழுப்புவதற்கென்றே ஒரு பயிற்சி தரப்படுவதுண்டு. தீக்குச்சி, கத்தரிக்கோல், கரண்டி, கம்பி, பொத்தான் என அன்றாடம் கையாளும் பொருள்களுள் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றைக் கொண்டே நெடுங்கணக்கு முழுமைக்கும் ஓர் எழுத்துரு அமைக்க வேண்டும் என்பதே அப்பயிற்சி. இதனை வெறும் விளையாட்டென்று ஒதுக்குவாரும் உளர்; புதுமையென்று போற்றுவாரும் உளர். இரண்டும் ஆராயாது கூறும் முடிவுகளே. இப்பயிற்சியின் நிறையையும் குறையையும் அதன் சிறந்த முன்னோடிகளைக் கொண்டு மதிப்பிடுவதே முறையாகும்.

சிக்கனம் தந்த எழுத்து

ஜெர்மனியின் வைமார் நகரில் 1919ஆம் ஆண்டு தோன்றி 1933இல் மூடப்பட்ட பௌஹௌஸ் கலைப்பள்ளியை இத்துறையின் ஊற்றுக்கண் எனலாம். தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஜோசப் ஆல்பர்ஸ், 1920இல் அங்கு மாணவராகச் சேர்ந்தார்; 1923 முதல் அங்கேயே புதிய மாணவர்க்குப் பயிற்சி அளிக்கலானார். விலையுயர்ந்த பொருள்களை அவர் நாடவில்லை. செய்தித்தாள்களை மாணவர் கையிற் கொடுத்து, வீணாக்காமல் அவற்றைக் கொண்டு புதியதொன்று செய்யுமாறு பணித்தார். சிலர் கோட்டையும் கப்பலும் முகமூடியும் செய்தனர். தாளை நெடுக மடித்து நிமிர்த்தி நிறுத்திய ஒருவரின் எளிய படைப்பையே ஆல்பர்ஸ் பாராட்டினார் என்று அவரிடம் பயின்ற ஒருவர் எழுதியுள்ளார். கோட்டையை வேறு பொருளால் இன்னும் நன்றாகக் கட்டலாம். மெல்லிய தாள் மடிப்பினால் நிமிர்ந்து நிற்கும் திறமோ தாளுக்கே உரியது.

இதே நெறியை ஆல்பர்ஸ் எழுத்திலும் கையாண்டார். 1920களின் பிற்பகுதியில் அவர் உருவாக்கிய கூட்டெழுத்துருவில் சதுரம், கால்வட்டம், முழுவட்டம் என்னும் மூன்று துண்டுகளே உள்ளன. உரோமன் எழுத்துகள் அனைத்தும் அம்மூன்றின் சேர்க்கையால் அமைகின்றன. அச்சுக்கோப்பவர் பெட்டியில் எழுத்துக்கு ஓர் அச்சு வைத்திருந்த காலத்தில், மூன்றே துண்டுகளால் மொழி முழுவதையும் கோக்கலாம் என்பது வியத்தகு சிக்கனமே. சுவரொட்டியிலும் பெயர்ப்பலகையிலும் அவ்வெழுத்து கம்பீரமாக நிற்கிறது.

ஆயினும் அச்சிக்கனமே அதன் குறையும் ஆயிற்று. துண்டுகள் குறையக் குறைய எழுத்துகள் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன. ஒரு பத்தியைப் படிக்கப் புகும் கண் தடுமாறுகிறது. இக்குறையை உணர்த்தும் கருத்து ஆல்பர்சின் நூலிலேயே உள்ளது என்பது கருதத்தக்கது. 1963இல் வெளிவந்த வண்ணங்களைப் பற்றிய தம் நூலில், எழுத்துகள் தம்முள் வேறுபடுந்தோறும் படித்தல் எளிதாகும் என்னும் கருத்தை அவர் வலியுறுத்தினார். எளிமை வேறு, தெளிவு வேறு என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

கண்டெடுத்த எழுத்து

இதற்கு நேர்மாறான எல்லையில் நிற்பது ஆங்கிலேய வடிவமைப்பாளர் பால் எலிமன் 1989 முதல் தொகுத்துவரும் எழுத்துரு. தெருவிலும் தொழிற்சாலைக் கழிவிலும் கிடக்கும் துண்டுப் பொருள்களுள் எழுத்தின் சாயல் உடையவற்றை அவர் திரட்டினார். எந்த வடிவமும் இருமுறை வருதல் கூடாது என்பது அவர் வகுத்த விதி. ஒரு சொல்லில் ஓரெழுத்து மும்முறை வரின் மூன்று வெவ்வேறு பொருள்கள் அதனைக் குறிக்கும். ஓரெழுத்து எங்கு வரினும் ஒரே உருவில் வரும் என்பது அச்சுக்கலையின் அடிப்படை உறுதி. எலிமன் அதனையே உடைத்தார். எனினும் அச்சொல்லைப் படிக்க முடிகிறது. பொருளின் உருவம் மட்டும் எழுத்தாவதில்லை. அருகில் நிற்கும் எழுத்துகளின் துணையாற்றான் அஃது எழுத்தாகிறது என்னும் உண்மை இதனால் விளங்குகிறது.

இவரைப் பின்பற்ற முனையும் மாணவர் பலர் தவறுவதும் இவ்விடத்தேதான். வளையலைக் கண்டவுடன் ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தையும், ஏணியைக் கண்டவுடன் ‘எச்’ என்னும் எழுத்தையும் கண்டுவிட்டதாக மகிழ்கின்றனர். எளிய எழுத்துகள் முடிந்தபின், ‘எஸ்’, ‘ஆர்’, ‘ஜி’ போன்றவை வரும்போது பொருளை வளைத்தும் ஒடித்தும் வலிந்து பொருத்துகின்றனர். அந்நிலையில் கிடைப்பது படக்கண்காட்சியே அன்றி எழுத்துரு ஆகாது. எனவே இத்தகைய படைப்பை மதிப்பிடுவோர் அதன் எளிய எழுத்தை நோக்காது, கடினமான எழுத்தையே முதலில் நோக்குதல் வேண்டும்.

ஏடும் எழுத்தாணியும்

பொருள் எழுத்தை வனைவது இருபதாம் நூற்றாண்டின் புதுமை அன்று. தமிழ் எழுத்தின் வரலாறே இதற்குச் சான்று. பனையோலையும் எழுத்தாணியும் தமிழர்க்கு அன்றாடப் பொருள்களாய் இருந்தன. ஓலை கிழியுமென்று எழுதுவோர் புள்ளியைத் தவிர்த்தனர்; வரிவடிவமும் வளைவு மிகப் பெற்றது. இதனால் விளைந்த இடர்ப்பாட்டைச் சுவடி பதிப்பித்தோர் நன்கு அறிவர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் தம்முள் மயங்கின. ரகரமும் காலும் ஒன்றுபோல் நின்றன. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் குறில் நெடிலுக்கு வேறு வடிவம் காட்டி அம்மயக்கத்தைத் தீர்த்தார். தமிழக அரசு 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, ணா, றா, னா, லை முதலியன மற்ற எழுத்துகளின் குறிகளையே பெற்றன. முன்னது வேற்றுமையைப் பெருக்கியது. பின்னது வேற்றுமையைக் குறைத்தது. இரண்டும் நிலைபெற்றமைக்குக் காரணம் ஒன்றே. ஒலி வேறாயின் வடிவம் வேறாக வேண்டும். ஒலி ஒன்றாயின் குறியும் ஒன்றாகலாம்.

இவ்வளவுகோலைத் தமிழ் மாணவரின் முயற்சிக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஈர்க்குச்சியால் ‘ட’வும் ‘ப’வும், மூன்று புளியங்கொட்டையால் ஆய்தமும் நொடியில் அமையும். கயிற்றால் மூன்று சுழி ‘ண’வையும் இரண்டு சுழி ‘ன’வையும் அமைக்கும்போதும், ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றையும் ஒரே பொருளால் வேறுபடுத்த முயலும்போதுமே சோதனை தொடங்குகிறது. அங்குச் சுழியை எண்ணிக் கயிற்றை மடிக்கும் மாணவர், அவ்வெழுத்துகளை இனி மயங்கி எழுதார்.

எழுத்தோடு விளையாடுதல் மொழிக்கு இழுக்காகுமோ என ஆசிரியர் சிலர் அஞ்சுவதுண்டு. மணலில் விரலால் எழுதக் கற்பித்த திண்ணைப் பள்ளி மரபுக்கு இவ்விளையாட்டு அயலானது அன்று. இழுக்கு வருவது வேற்றுமை கெடும்போதுதான். ஆகவே மாணவர் அமைத்த எழுத்துருவால் ஒரு முழுப் பத்தியைக் கோத்து, அதனை முன்பு காணாத ஒருவரிடம் படிக்கத் தருவதே தக்க தேர்வு. அவர் தடையின்றிப் படிப்பாராயின், பொருள் எழுத்தாயிற்று எனக் கொள்ளலாம். தடுமாறுவாராயின், அது பொருளாகவே நின்றுவிட்டது என்பதே முடிபு.