வீட்டு அம்மா நிற்கும் இடம்

ஆம்ஸ்டர்டாமை ஒட்டியிருக்கும் ஆம்ஸ்டல்வீனில் வாழும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஏப்ரலும் மேயும் விருந்தாளி மாதங்கள். ஊரில் கோடை விடுமுறை தொடங்கும். இங்கே டூலிப் பூத்திருக்கும். சென்ற ஆண்டு மாமனார், மாமியார், நாத்தனார், அவருடைய இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர் கோவில்பட்டியிலிருந்து வந்து ஐந்து வாரம் தங்கினார்கள். அவர்கள் திரும்பியதும் கணவர் குடும்பக் குழுவில் ஏற்றிய படங்கள் 312. அவற்றில் நான் இருப்பது ஏழில். அந்த ஏழிலும் நான்கில் என் கையில் சாப்பாட்டுப் பை இருக்கிறது.

வேலைப் பிரிவினையை நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அது தானாகவே அமைந்துவிட்டது. ஊரைச் சுற்றிக் காட்டுவது அவர் பொறுப்பு, சுற்றுகிறவர்களுக்குச் சோறு போடுவது என் பொறுப்பு. மாமா வெளியே சாப்பிட மாட்டார். கூக்கன்ஹோஃப் தோட்டத்துக்குப் போனால் புளிசாதம், காற்றாலைகள் பார்க்கப் போனால் எலுமிச்சை சாதம், கால்வாய்ப் படகுக்குத் தயிர்சாதம். எனக்கு அலுவலகத்தில் சேர்ந்திருந்த ஆண்டு விடுமுறையில் மூன்று வாரம் இப்படிக் கழிந்தது. "நீயும் லீவுதானே" என்று கணவர் ஒருநாள் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

அந்த ஐந்து வாரத்தில் நானும் அத்தையும் மட்டும் வெளியே போன நாள் ஒன்றே ஒன்று. மற்றவர்கள் ராட்டினப் பூங்காவுக்குக் கிளம்பினார்கள். அத்தைக்கு ராட்டினம் தலைசுற்றும். 5ஆம் எண் டிராமில் ஏறி ரைக்ஸ்மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். இந்தக் கட்டுரை அங்கே நாங்கள் பார்த்த ஒரு படத்தைப் பற்றியது. யோஹன்னஸ் வெர்மீர் 1660ஐ ஒட்டி வரைந்த, தமிழிலும் 'பால்காரி' என்று மொழிபெயர்க்கப்படும் ஓவியம்.

பெரிய படம் அல்ல. 45.5 சென்டிமீட்டர் உயரம், 41 அகலம். நம் வீட்டுச் சாமி படத்தைவிடச் சற்றுப் பெரியது. மஞ்சள் மேல்சட்டை, நீல ஏப்ரன், முழங்கை வரை சுருட்டிவிட்ட கைகள். ஒரு பெண் மண்சாடியிலிருந்து பாலைச் சட்டியில் ஊற்றுகிறாள். மேசையில் ரொட்டி. இடப்பக்கச் சன்னலிலிருந்து வெளிச்சம். வழிகாட்டிகளும் புத்தகங்களும் இதைப் பற்றிப் பேசும்போது மூன்று சொற்கள் தவறாமல் வந்துவிடும்: அமைதி, ஒளி, கண்ணியம். எளிய வேலைக்காரியைப் பேரரசிபோல நிற்க வைத்துவிட்டார் வெர்மீர் என்பார்கள். பல வருடம் நானும் வருகிற விருந்தாளிகளிடம் இதையே ஒப்பித்து வந்திருக்கிறேன்.

இன்னொரு வாசிப்பும் உண்டு. தரையில், வலது மூலையில், காலைச் சூடேற்றிக்கொள்ளும் சிறு மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. சுவரின் அடியில் பதித்த டெல்ஃப்ட் ஓடுகளில் ஒன்றில் குட்டி மன்மதன். அந்தக் காலத்து டச்சு ஓவியங்களில் பால்காரி, சமையல்காரி என்றாலே காமக் குறிப்பு உண்டு. ஆகவே இவளும் யாரையோ நினைத்துக் கனவில் நிற்கிறாள் என்பது அந்த வாசிப்பு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2009இல் இந்தப் படத்தை வரவழைத்துக் காட்சிக்கு வைத்தபோது இதுவும் பேசப்பட்டது. ஆய்வாளர்கள் சொல்லும் மரபு இருந்தது உண்மைதான். ஆனாலும் ஒரு பெண் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தால் அவள் மனதில் ஆண் இருந்தே தீர வேண்டும் என்ற அவசரம் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

அத்தை எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். ஓவியம் என்று அவர் அறிந்தது காலண்டர் மட்டும். படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுத்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

"ஏம்மா, பால்காரின்னா சொன்ன? பால்காரி பாலைக் குடுத்துட்டுப் போயிருவால்லா. இவ சமையக்காரி."

சரியாகச் சொன்னார். ஓவிய வரலாற்றாளர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இவள் மாடு கறப்பவள் அல்ல, வீட்டு அடுக்களையில் வேலை செய்பவள். பெயர் பழகிப்போனதால் ஒட்டிக்கொண்டது.

"ரொட்டி காஞ்சு போச்சு. அதான் பிச்சுப் போட்டு வச்சிருக்கா. மிச்சத்தைத் தூரப் போட முடியுமா? பாலுல ஊற வச்சு ஏதோ செய்யப் போறா."

பழைய ரொட்டியையும் பாலையும் கொண்டு செய்யும் ரொட்டிக் களிதான் இங்கே தயாராகிறது என்ற கருத்தும் ஆய்வுலகில் இருக்கிறது. அத்தைக்கு அதற்கு ஆய்வு தேவைப்படவில்லை. பழைய சோற்றை வீணாக்காத ஐம்பது வருடம் போதுமானதாக இருந்தது. சன்னல் கண்ணாடியில் ஒரு சில்லு உடைந்திருப்பதையும் அவரே காட்டினார். "குளுருக்குத்தான் காலுக்கு அந்தப் பெட்டி." மன்மதனைப் பற்றி நான் சொன்னதும் சிரித்தார். "அவ பால் ஊத்துததைப் பாரு. நூலு மாதிரி விழுது. சிந்துனா ஏச்சு வாங்கணும்லா. இதுல எவனை நெனைக்க?"

அமைதி என்று நாம் சொல்வதை அவர் கவனம் என்று படித்தார். ஏச்சுக்குப் பயந்த கவனம்.

2022இல் ரைக்ஸ்மியூசியம் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டது. ஓவியத்தின் அடியடுக்கை நவீனக் கருவிகளால் ஆராய்ந்தபோது, வெர்மீர் முதலில் வரைந்து பிறகு வண்ணம் பூசி மறைத்த இரண்டு பொருள்கள் தெரிந்தன. ஒன்று, அவள் தலைக்குப் பின்னால் சுவரில் சாடிகள் மாட்டும் பலகை. மற்றொன்று, தரையில் பிரம்பால் முடைந்த பெரிய கூடை. அடியில் தணலை வைத்து, பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தைத் துணிகளை உலர்த்தும் கூடை அது. இரண்டையும் அழித்து அவளுக்குப் பின்னால் வெறும் சுவரை விட்டார். பெண்ணை மட்டும் தனித்து நிறுத்த ஓவியர் எடுத்த முடிவு என்று அதைப் பாராட்டுகிறார்கள். ஓவியமாக அது சரியான முடிவுதான். ஆணி அடித்த அந்த வெற்றுச்சுவர் இல்லாமல் இந்தப் படத்தை என்னாலும் கற்பனை செய்ய முடியவில்லை.

ஆனால் அழிக்கப்பட்டது என்ன என்று பாருங்கள். கழுவி மாட்ட வேண்டிய சாடிகள், அலசி உலர்த்த வேண்டிய பீத்துணிகள். இப்போது படத்தில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வேலை. அதுவும் பார்க்க அழகான வேலை. அவளுக்குக் கண்ணியம் வந்தது வேலையால் அல்ல, மற்ற வேலைகளையெல்லாம் கண்ணிலிருந்து மறைத்ததால் என்று எனக்குத் தோன்றுகிறது. வெர்மீரின் மனைவி கத்தரீனா போல்னஸ் பதினைந்து பிள்ளை பெற்றவர்; பதினோரு பிள்ளைகள் தப்பிப் பிழைத்தார்கள். அந்த வீட்டில் துணி உலராத நாள் இருந்திருக்காது. 1675 டிசம்பரில் வெர்மீர் கடனோடு இறந்தார். அடுத்த மாதமே கத்தரீனா, ரொட்டிக்கடைக்காரருக்குத் தர வேண்டிய 600 கில்டருக்கும் மேலான பாக்கிக்காக இரண்டு ஓவியங்களை அவரிடம் ஒப்படைத்தார். படத்தில் ஒளியில் நனைந்து கிடக்கும் ரொட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாக்கி நினைவுக்கு வருகிறது.

இந்தப் படம் தொங்கும் பெருங்கூடத்தில் பெண்கள் வரைந்த ஓவியங்களுக்கு இடம் கிடைத்தது 2021 மார்ச் 8 அன்றுதான். கட்டடம் திறந்தது 1885இல். யூடித் லைஸ்டர், ஹெசினா தெர் போர்ஹ், ராகெல் ரைஸ் என்று மூவர். லைஸ்டரின் படங்கள் நீண்ட காலம் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்தவையாக விற்கப்பட்டன. 1636இல் திருமணத்துக்குப் பிறகு அவர் வரைந்தவை மிகக் குறைவு. அத்தையிடம் இதைச் சொன்னேன். "கல்யாணம் ஆச்சுல்லா" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

கிளம்பும்போது மறுபடி பால்காரியின் முன் வந்து நின்று அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"சரி, இந்த வீட்டு அம்மா எங்க நிக்கா?"

படத்துக்குள் தேடினேன். இல்லை. பிறகுதான் உறைத்தது. வேலை நடக்கும்போது வீட்டு அம்மா எங்கே நின்று பார்ப்பாளோ அங்கேதான் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். அவள் நம்மைப் பார்ப்பதில்லை. கண் பாலில் இருக்கிறது. அவள் நிமிராததால்தான் நாம் இவ்வளவு நேரம் கூச்சமில்லாமல் பார்க்க முடிகிறது.

எங்கள் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் சுத்தம் செய்ய ஒருவர் வருவார். பிலிப்பைன்ஸ்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். விருந்தாளிகள் வருவதற்கு முந்தைய வாரம், ஐந்து வாரத்துக்கு வர வேண்டாம் என்று அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பது மாமியாருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் காரணம். அந்த ஐந்து வாரமும் கழிவறையை நானே தேய்த்தேன்; நல்ல மருமகள் என்று பெயர் வாங்கினேன். அவருடைய வாளியையும் துடைப்பானையும் நிலவறைக் கிடங்கில் ஒளித்து வைத்தேன். வெர்மீர் கூடையை மறைத்ததைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று யோசித்தே இதை எழுதுகிறேன்.

நெதர்லாந்தில் ஒரு வீட்டுக்கு வாரத்தில் நான்கு நாளுக்குக் குறைவாக வேலைக்கு வருபவருக்குத் தனி விதி. வரி பிடித்தம் செய்ய வேண்டியதில்லை, வேலையிழப்புக் காப்பீடு இல்லை. ஆனால் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. இதைக்கூட நான் விருந்தாளிகள் போன பிறகுதான் தேடிப் படித்தேன்.

அவர் திரும்பி வந்த நாளில் மேசைமேல் உறையில் விட்டுப்போன நாள்களுக்கான சம்பளத்தை வைத்திருந்தேன். அத்தை அருங்காட்சியகக் கடையில் வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போன பால்காரி காந்தவில்லையை அவர் கழற்றி, அடியில் துடைத்து, அதே இடத்தில் ஒட்டினார். பிறகு உறையைத் திறந்து எண்ணினார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"அப்போதே கொடுத்திருக்கலாம்," என்றார். "அந்த மாத வாடகைக்கு என் தங்கையிடம் கடன் வாங்கினேன்."