மீட்கப்படாத ஒருத்தி

ஒரு காவியம் முடிந்த இடத்தில் மற்றொன்றைத் தொடங்கத் துணிகிறவனுக்கு இரண்டு வழிகள் உண்டு: முன்னவன் எழுப்பிய மாளிகையின்மேல் இன்னும் இரண்டு நிலைகளைக் கட்டிவிட்டுப் போவது ஒன்று, அந்த மாளிகைக்கு அஸ்திவாரம் தோண்டியபோது யாருடைய குடிசை இடிபட்டது என்று விசாரிப்பது மற்றொன்று. சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்துத் தெய்வமாகிவிட்ட கண்ணகியை மணிமேகலையில் மறுபடியும் பேசவைத்து, அந்தக் கோபத்தின் வினை தன்னை விடாது என்று அவள் வாயாலேயே சாத்தனார் சொல்லவைக்கிறாரே, அது இரண்டாவது வழி. ஜப்பானிய நிறுவனமான ஸ்குவேர் 1995-இல் வெளியிட்ட 'க்ரோனோ ட்ரிகர்' என்னும் வீடியோ விளையாட்டையும், 1999-இல் அதன் தொடர்ச்சியாக வந்த 'க்ரோனோ க்ராஸ்' என்பதையும் அடுத்தடுத்து ஆடி முடித்தபோது, இந்த இரட்டைக் காப்பியங்களின் நினைவே எனக்கு முதலில் வந்தது.

ஆர்.பி.ஜி. என்று ரசிகர்கள் வழங்கும் இவ்வகை ஆட்டத்தில், ஆடுகிறவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, துணைவர்களைச் சேர்த்துக்கொண்டு, கதைக்குள்ளேயே வாழ்ந்து பார்க்கிறார். 1999-ஆம் ஆண்டில் பூமியின் வயிற்றிலிருந்து லாவோஸ் என்னும் ராட்சசப் பிராணி வெடித்தெழுந்து உலகை அழிக்கப்போவதை, 2300-ஆம் ஆண்டின் பாழில் எஞ்சிக் கிடக்கும் ஒரு காட்சிப் பதிவிலிருந்து அறிந்துகொள்ளும் இளைஞர்கள், அதைத் தடுக்க யுகம்விட்டு யுகம் செல்வதே முதல் ஆட்டத்தின் கதை. அதன் சௌந்தரியம் சின்ன விஷயங்களில் இருக்கிறது. திருவிழாவில் விளையாட்டாக யாரோ ஒருவரின் சாப்பாட்டை எடுத்துத் தின்றதும், ஒரு சிறுமியின் காணாமற்போன பூனையைத் தேடிக் கொடுத்ததும் பிறகு நீதிமன்றத்தில் சாட்சிகளாக வந்து நிற்கும்போது, ஆடுகிறவர் தம் கையையே ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். பாலைநிலத்தைக் காடாக்குவதற்காக ரோபோ என்னும் இயந்திரத் தோழனை 600-ஆம் ஆண்டில் விட்டுவிட்டு, 1000-ஆம் ஆண்டுக்குப் பறந்து வந்து இறங்கினால், நமக்கு ஒரு நிமிஷம், அவனுக்கு நானூறு வருஷ உழைப்பு. காடும் நிற்கிறது, துருவேறிய அவனும் காத்திருக்கிறான். காலம் என்பது பழுதுபார்க்கக்கூடிய பொருள் என்ற நம்பிக்கை இந்த ஆட்டத்தின் ஒவ்வோர் அணுவிலும் ஊறியிருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒருத்தி விடுபட்டுப் போகிறாள். பழைய மாயராஜ்யத்தின் இளவரசி ஷாலா, மற்றவர்களைத் தப்புவித்துவிட்டுக் கடலடி அரண்மனையில் மறைகிறாள்; உலகம் மீட்கப்பட்ட பிறகும் அவள் மீட்கப்படுவதில்லை.

அந்த ஒரு விடுபடலிலிருந்துதான் இரண்டாவது ஆட்டம் பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம். இதில் செர்ஜ் என்னும் மீனவக் கிராமத்துப் பையன் கடற்கரையில் நிற்கும்போதே வேறோர் உலகத்துக்குள் இழுக்கப்பட்டு, அங்கே பத்து வருஷங்களுக்கு முன்பே தான் இறந்துவிட்டதைத் தன் சமாதிக் கல்லில் படிக்கிறான். அவன் உயிரோடிருக்கும் உலகில், அலைகள் எழும்பிய கோலத்திலேயே உறைந்துவிட்ட ஒரு கடல் இருக்கிறது. அதன் நடுவில், பழைய வீரர்களின் வெற்றியால் நடவாமற்போன எதிர்காலத்தின் நகரங்கள் இடிந்து கிடக்கின்றன. அங்கே அவ்வீரர்களின் பிள்ளையுருவங்கள் தோன்றி, நீங்கள் காப்பாற்றியது ஓர் எதிர்காலத்தை, அதற்காக அழித்தது இன்னோர் எதிர்காலத்தை என்னும் உண்மையை நம் முன் வைக்கும்போது, முன்பு நாம் ஆரவாரத்தோடு கொண்டாடிய வெற்றி தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொள்கிறது.

குறையும் உண்டு. முன்னதில் துணைவர்கள் ஏழே பேர், ஒவ்வொருவரும் முழு மனிதர். பின்னதில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் கூட்டமாக வந்து, பலர் பெயரும் பேச்சுவழக்குமாக மட்டும் நின்றுவிடுகிறார்கள். கதையின் முடிச்சுகளும் கடைசி நேரத்தில் அவசரமாக வாய்ச்சொல்லாலேயே அவிழ்க்கப்படுகின்றன. இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளச் செய்வது யசுனோரி மிட்சுதாவின் சங்கீதம். முதல் ஆட்டத்துக்கு இசையமைக்கையில் அவர் நோய்வாய்ப்பட, நோபுவோ உவேமட்சு கைகொடுத்தார். இரண்டாவதில் அவர் முதிர்ந்துவிட்டார். தொடக்கத்தில் கிதார் தயங்கித் தயங்கி மீட்டப்பட, பிறகு தாளமும் வயலினும் சேர்ந்து பொங்கும் ஒரு மெட்டைக் கேட்டாலே, எதையோ இழந்துவிட்டவனின் ஞாபகம் நமக்கும் வந்துவிடுகிறது.

அந்தச் சங்கீதமே முடிவிலும் தீர்ப்பளிக்கிறது. லாவோஸோடு பிணைந்து கிடக்கும் ஷாலாவைக் கடைசிப் போரில் எதிர்கொள்ளும் நாம், பழைய பழக்கத்தால் கத்தியை வீசினால் வெற்றி கிடைக்கும். கதை மட்டும் மொட்டையாக நின்றுபோகும். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை என்று ஆறு நிறத்து மந்திரங்களை முறை தவறாமல் பிரயோகித்தால் ஆறு சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும்; முடிவில் 'க்ரோனோ க்ராஸ்' என்னும் மந்திரத்தையும் சேர்த்தால், அந்த ராகத்தில் ஷாலா விடுதலை பெறுகிறாள். எதிரியும் இடையில் தன் நிறத்தை நுழைத்து அந்த வரிசையைக் குலைத்துவிடக்கூடும். ஆகையால் அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல், ஒரு சுரத்துக்காகக் காத்திருக்கப் பழக வேண்டியிருக்கிறது.