ஜாவாவின் வயலும் கீர்ட்ஸின் நூலும்

அமெரிக்க மானிடவியல் அறிஞர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் ஜாவாத் தீவைப் பற்றி எழுதிய நூல்களுள் இரண்டு உலகப் புகழ் பெற்றவை. ‘ஜாவாவின் சமயம்’ 1960ல் வெளிவந்தது. ‘வேளாண்மையின் உள்முறுக்கம்’ என்று நாம் தமிழில் பெயரிடத்தக்க மற்றொன்று 1963ல் வெளிவந்தது. ஜாவா உழவன் எத்தகைய முஸ்லிம் என்பதை முன்னதும், அவன் ஏன் ஏழையாக இருக்கிறான் என்பதைப் பின்னதும் ஆராய்கின்றன. தனித்தனியே படிப்போர் நூலாசிரியரின் சொல்வன்மையில் மயங்கி நிற்பர். நானும் அவ்வாறே நின்றவன்தான். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்த பின்னரே, இரண்டிலும் ஒரே கேள்வி போதிய இடமின்றி ஒதுங்கிக் கிடப்பது தெரிந்தது. இந்த வயல் யாருடையது? அவர் மறைந்தபின் யாருக்குப் போகும்?

கீழை ஜாவாவில் கெடிரியை அடுத்த பாரே என்னும் ஊரில் 1952 முதல் 1954 வரை கீர்ட்ஸ் தங்கி ஆய்ந்தார். நூல்களில் அவ்வூருக்கு மொஜோகூத்தோ என்று புனைபெயரிட்டார். அவர் கூறுவதன் சாரம் இது: டச்சுக்காரர்கள் 1830 முதல் கட்டாயப் பயிர்முறையைப் புகுத்தி, நெல் விளையும் நன்செய்யிலேயே கரும்பையும் விளைவித்தார்கள். ஆதாயம் கடல் கடந்து சென்றது. பெருகிய மக்கள் கிராமத்திலேயே தங்கினர். 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜாவாவும் மதுராவும் சேர்ந்து 4 கோடியே 17 இலட்சம் மக்களைக் கொண்டிருந்தன. நன்செய்யோ எத்தனை கைகள் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. நாற்றை இன்னும் கவனமாக நடலாம், களையை இன்னொரு முறை எடுக்கலாம், கதிரை ஒவ்வொன்றாக அறுக்கலாம். கயிறு முறுக்க முறுக்க நீள்வதில்லை, இறுகுகிறது. அதுபோலவே கிராமம் வளராமல் இறுகிற்று. பெருநிலக்கிழாரும் தோன்றவில்லை, நிலமற்றோர் என்று தனி வகுப்பும் தோன்றவில்லை. உள்ள வறுமையை அனைவரும் பங்கிட்டுக் கொண்டனர் என்பது அவர் முடிவு.

கரும்பையும் நெல்லையும் ஒரே வயலில் வைத்து ஒரு நூற்றாண்டை விளக்கிய திறம் பாராட்டுக்குரியது. வறுமையைப் பங்கிட்டனர் என்ற முடிவுதான் நிற்கவில்லை.

ஜாவாவின் அறுவடையையே சான்றாக எடுத்துக் கொள்வோம். அங்கே பெண்கள் உள்ளங்கையில் அடங்கும் ‘அனி-அனி’ என்னும் சிறு கத்தியால் கதிரைக் கொய்து, கொய்ததில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்றுச் செல்வர். இப்பங்கிற்கு ‘பாவோன்’ என்று பெயர். வருபவரைத் திருப்பியனுப்புவது வயலுக்குடையவனுக்கு இழுக்கு. இதை மட்டும் காண்பவருக்குப் பகிர்வு என்றே தோன்றும். ஆனால் உறவினருக்கு ஒரு பங்கும், அயலாருக்கு அதனினும் குறைந்த பங்கும் அளிக்கும் வழக்கமும் அங்கே உண்டு. பங்கு கொடுப்பவன் யார், வாங்குபவள் யார் என்பது ஆண்டுதோறும் மாறுவதுமில்லை. 1973ல் வில்லியம் கோலியரும் அவருடைய குழுவினரும் எழுதிய ஆய்வு ‘தெபாசான்’ என்ற முறை பரவியதை விளக்கிற்று. உடையவன் விளைந்த பயிரை அறுவடைக்குச் சில நாள் முன்பு வியாபாரியிடம் விற்றுவிடுவான். வியாபாரி தன் ஆட்கள் சிலரோடு அரிவாளுடன் வருவான். அயல்வீட்டு ஏழைப் பெண்ணை வராதே என்று சொல்லும் சங்கடம் உடையவனுக்கு இல்லை, பயிர்தான் அவனுடையதில்லையே! பகிர்வு கிராமத்தின் இயல்பே ஆயின் அது இத்தனை எளிதில் விலைபோயிருக்குமா?

1972-73ல் யோக்யகர்த்தா வட்டாரத்துக் கிராமமொன்றில் பெஞ்சமின் வைட் ஆய்வு செய்தார். சிறிதளவே நிலமுள்ளோரும் நிலமே இல்லாதோரும் கூலிவேலை, பாய் முடைதல், சிறு வியாபாரம் எனப் பல தொழில்களில் நாள் முழுதும் உழைத்தும் பற்றாமல் வாழ்ந்ததை அவர் மணிக்கணக்கோடு பதிவு செய்தார். கிராமத் தலைவருக்கோ பதவிக்குரிய மானியமாக ‘பெங்கோக்’ நிலம் உண்டு. ஊரின் நல்ல வயல்கள் பெரும்பாலும் அதில் அடங்கும். பாதி விளைச்சலுக்கு உழும் ‘மாரோ’ வாரக்குடிக்கு அத்தகைய நிலத்தை உழக் கிடைப்பதே தயவு.

கீர்ட்ஸின் நூல் வெளிவந்த 1963க்கும் 1965க்கும் இடையில் கீழை ஜாவாவில் நிலத்துக்காகவே மோதல்கள் நிகழ்ந்தன. 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டங்களை நடைமுறைப்படுத்துமாறு பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்த உழவர் வயல்களில் இறங்கினர். கியாய்கள், ஹாஜிகளின் நிலங்களும் அவற்றுள் இருந்தன. 1965 அக்டோபருக்குப் பின் நிகழ்ந்த படுகொலைகளில் இராணுவத்தோடு முஸ்லிம் இளைஞர் அமைப்பினரும் கைகோத்தனர். இந்தோனேசியா முழுவதும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நம்மவர் எழுதும் வரலாறுகள் இந்தப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகின்றன. அது நேர்மையன்று. வறுமையைச் சமமாகப் பங்கிட்டுக் கொண்ட மக்கள் நிலத்துக்காக இப்படி மோதியிருப்பார்களா என்று கீர்ட்ஸை வினவுமுன், நம் கையையும் நாம் பார்த்துக் கொள்ள வேண்டும்.

இனி வாரிசுரிமை. ஜாவானியரிடையே இருவகை வழக்குண்டு. ஆண்மகன் காவடியின் இரு கூடைகளைத் தோளில் சுமக்கிறான், பெண்மகள் ஒரு மூட்டையை முதுகில் சுமக்கிறாள். ஆகவே அவனுக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. இது பராயிள் பங்குக்கு ஒத்தது. மற்றொரு வழக்கில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. இவ்விரண்டுக்கும் இடையே குடும்பங்கள் எவ்வாறு பேசி முடிவு செய்கின்றன என்பதை அறிய விரும்புவோர், அந்நாளில் கீர்ட்ஸின் துணைவியாராயிருந்த ஹில்ட்ரெட் எழுதிய ‘ஜாவாக் குடும்பம்’ (1961) என்ற நூலுக்குப் போக வேண்டும். ஒரே வீட்டில் எழுதப்பட்ட நூல்கள் ஒன்றையொன்று இன்னும் சற்று வாசித்திருக்கலாம்!

சமபங்கைக் கண்டதும், இவர்கள் ஷரீஅத்தை விட்டு வழக்கத்தைப் பற்றியவர்கள் என்று வெளியார் எழுதிவிடுகின்றனர். பெற்றோர் தம் வாழ்நாளிலேயே, பிள்ளைகள் மணம் முடிக்கும்போது நிலத்தைப் பிரித்துக் கொடுப்பது அங்கே பரவலான பழக்கம். அது வாரிசுப் பங்கன்று, ஹிபா. பெற்றோர் பிள்ளைகளுக்கு அன்பளிப்பு வழங்குகையில் ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாக வழங்குவதே ஸுன்னத்து என்று ஷாஃபியீ மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. ஜாவாவின் மத்ஹபும் அதுவே. மார்க்க அமைச்சராயிருந்த முனாவிர் ஷாத்ஸாலி, 1980களில், ஆலிம்களே இவ்வழியில் பெண்மக்களுக்குச் சமமாக ஈந்து வருவதைச் சுட்டிக் காட்டி, ஆகவே பங்கு விதியையே மறுபரிசீலனை செய்யலாம் என்றார். அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. அவர் கண்டு சொன்ன உண்மையை மறுக்கவும் எனக்கு வழியில்லை.

‘அபாங்கான்’, ‘சாந்திரி’, ‘பிரியாயி’ என்று ஜாவானியரை மூன்றாக வகுத்ததும் இதே குறைபாட்டின் விளைவு. பிரியாயி என்பது சமூக நிலையே அன்றிச் சமயப் பிரிவன்று என்று ஹர்ஷா பாக்தியார் 1973லேயே எழுதினார். ஸ்லாமெத்தான் விருந்தைக் கீர்ட்ஸ் வருணிக்கும் பக்கங்களைப் படிக்கும் நம் வாசகர், அரபியில் துஆ ஓதப்பட்டு, பின் சோறு பங்கிடப்படுவதைக் கண்டு, இது நம் வீட்டுப் பாத்திஹா அல்லவா என்பர்.

அவருடைய கிராமத்தில் வழிப்பயணமும் மங்கலாகவே தெரிகிறது. ஸாந்திரி என்பவன் ஊர் ஊராய்ச் சென்று கல்வி தேடுபவன். 1899ல் ஹாஷிம் அஷ்அரீ நிறுவிய தெபுஇரேங் பெஸாந்த்ரேன் பாரேக்கு அண்மையிலுள்ள ஜோம்பாங்கில்தான் இருக்கிறது. அத்தகைய கல்விக்கூடங்களில் ஓதப்படும் ‘ஃபத்ஹுல் முயீன்’ மலபாரைச் சேர்ந்த ஸைனுத்தீன் மலைபாரீ எழுதியது. நானும் அதை மண்டியிட்டு ஓதியவன். அதன் மூலநூலுக்கு விரிவுரை எழுதியவரோ மேற்கு ஜாவாவின் பந்தனில் பிறந்து மக்காவில் 1897ல் மறைந்த நவவீ. கிராமம் தன்னுள்ளேயே இறுகிற்று என்பவர், இந்தக் கிதாபு வந்த வழியை எதில் வைப்பார்?

ஹஜ்ஜுப் பயணம் வயலையே விற்கச் செய்தது. போதிய பணமிருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும், திரும்பியபின் தேர்வெழுதியது போல் விடை சொல்லித் தேறினால்தான் ஹாஜி என்ற பெயரும் உடையும் என்று 1859ல் டச்சு அரசு விதித்தது. எத்தனையோ பேர் விற்றுப் போனார்கள். சிலர் திரும்பி வந்து வாங்கவும் செய்தார்கள். யார் விற்றார், யார் வாங்கினார் என்ற கணக்கே கிராமத்தின் சரித்திரம்.

இக்காலத்தில் பயணம் செய்பவள் பெரும்பாலும் பெண். கீழை ஜாவாக் கிராமங்களிலிருந்து ஹாங்காங், தைவான், மலேசியா, சவூதி அரபியா எனச் சென்று வீட்டுவேலை செய்து அனுப்பிய பணத்தில் ஓட்டு வீடுகள் எழும்பி நிற்கின்றன. தாய் பல ஆண்டுகள் வெளியில். குழந்தை பாட்டியின் மடியில். மனை கணவன் பெயரில். கணவன் மனைவி சேர்ந்து தேடிய சொத்தை ஜாவானியர் ‘கோனோ-கினி’ என்பர். 1991ஆம் ஆண்டின் இந்தோனேசிய இஸ்லாமியச் சட்டத் தொகுப்பு அதை ஏற்று, மணமுறிவில் இருவருக்கும் பாதி என்று வகுத்துள்ளது. ஒருவர் இறந்தால் மற்றவர் தம் பாதியை முதலில் எடுத்துக் கொள்வார், எஞ்சியதே வாரிசுகளுக்குப் பங்காகும். கீர்ட்ஸ் தங்கியிருந்த ஊரின் இன்றைய வீடுகளை எண்ணப் புறப்படுபவர், வாசலில் நின்று முதலில் இந்தப் பாதி யாருடையது என்று கேட்டுக் கொள்ளட்டும்.