நோக்கு, சார்பு, திசை: ‘ஓரியண்டேஷன்’ என்னும் கலைச்சொல்லும் தமிழ் ஆய்வுலகும்

முன்னுரை

ஒரு மொழியில் ஒரே சொல்லாக நின்று பல துறைகளுக்கும் பயன்படும் கலைச்சொல், மற்றொரு மொழிக்குள் வரும்போது பல சொற்களாகச் சிதறுவது இயல்பு. ‘ஓரியண்டேஷன்’ அவ்வகையினது. கட்டடக்கலையில் திசையமைவு, கணிப்பொறியியலில் நோக்கு, சமூகவியலில் சார்பு, ஆசிரியர் பயிற்சியில் அறிமுகம் என அது தமிழில் வழங்குகிறது. இவற்றுள் ‘நோக்கு’, ‘சார்பு’ ஆகிய இரண்டும் இன்றைய தமிழ் ஆய்வுரைகளில் வரையறையின்றிப் பெருகியுள்ளன. இச்சொல் துறைதோறும் குறிக்கும் பொருளை வேறுபடுத்திக் காட்டி, அவ்வேறுபாட்டை மறப்பதால் விளையும் இடர்ப்பாட்டை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஞாயிறும் நிலமும்

இச்சொல்லின் வேர், எழுகின்ற ஞாயிற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகும். கீழ்த்திசையை நோக்கி நிற்றல் என்பதே அதன் முதற்பொருள். வடமொழியிலும் இதனை ஒத்த அமைப்பு உண்டு. ‘பூர்வம்’ என்பது முன்புறத்தையும் கிழக்கையும், ‘தட்சிணம்’ என்பது வலப்புறத்தையும் தெற்கையும் குறிக்கும். கிழக்கு நோக்கி நிற்கும் மனித உடலே அங்கு அளவுகோல்.

தமிழ் வேறு வழியில் சென்றுள்ளது. கிழக்கு ‘கீழ்’ என்பதனடியாகவும் மேற்கு ‘மேல்’ என்பதனடியாகவும் பிறந்தவை. மேற்கே மலையும் கிழக்கே கடலுமாகச் சரிந்து கிடக்கும் நிலமே இங்கு அளவுகோல். மலை கிழக்கே நிற்கும் கேரளத்திலும் ‘கிழக்கு’ என்னும் சொல்லே வழங்குவதைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் சுட்டி, அதனை மக்கள் பெயர்ச்சிக்குரிய சான்றாகக் கொண்டார். அம்முடிவை ஏற்பினும் மறுப்பினும், திசைச்சொல் என்பது ஒரு சமூகம் எங்கே நின்று உலகைக் கண்டது என்பதன் பதிவு என்னும் கருத்து வலுவுடையதே. மலையாளத்தில் மேற்கைக் குறிக்கும் ‘படிஞ்ஞாறு’ ஞாயிறு படுதலை அடியாகக் கொண்டிருப்பதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

துறைதோறும் பொருள்

திசையறிதலை மொழியியலும் உளவியலும் இணைந்து ஆராய்ந்துள்ளன. ஸ்டீபன் லெவின்சன் 2003இல் வெளியிட்ட நூல், இட வலம் கொண்டு இடத்தைக் குறிக்கும் மொழிகளையும் நாற்றிசை கொண்டு குறிக்கும் மொழிகளையும் ஒப்பிட்டது. தமிழ் பேசுவோரிடையே எரிக் பீடர்சன் நிகழ்த்திய ஆய்வு, ஊர்ப்புறத்தார் அருகிலுள்ள சிறு பொருள்களையும் திசை கூறிச் சுட்டுவதையும் நகர்ப்புறத்தார் இட வலம் கூறுவதையும் கண்டது. ஒரே மொழிக்குள்ளும் இருவேறு திசைகோள் முறைகள் இயங்கக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

கணிதத்தில் இச்சொல்லுக்கு மனித நோக்கத்தோடு தொடர்பே இல்லை. 1858இல் மோபியசும் லிஸ்டிங்கும் தனித்தனியே கண்டறிந்த பட்டையில் வலஞ்சுழியாக வரைந்த ஒரு வட்டத்தை ஒரு முறை முழுதும் நகர்த்திக் கொண்டுவந்தால், அது இடஞ்சுழியாகத் திரும்பும். ஆதலின் அது திசையிட இயலாத பரப்பு எனப்படுகிறது. மனநல மருத்துவத்திலோ காலம், இடம், ஆள் ஆகியவற்றை நோயாளி அறிந்திருக்கிறாரா என்பதே இச்சொல்லின் பொருள். ‘திக்குத் தெரியாமல்’ என்னும் தமிழ் வழக்கும் திசையை மனத்தின் மேல் ஏற்றிச் சொல்வதேயாம்.

லேக்காஃப், ஜான்சன் இருவரும் 1980இல் திசைசார் உருவகங்களை விளக்கி, மேல் என்பது நன்மையோடும் கீழ் என்பது தாழ்வோடும் இணைவதைக் காட்டினர். மேன்மை, கீழ்மை, மேலோர், கீழோர் என்னும் தமிழ்ச்சொற்கள் இதற்கு ஒத்துவருகின்றன. ஆயின் மேற்கு, கிழக்கு என்னும் இணை நிலச்சரிவை மட்டுமே குறித்தது, மதிப்பைக் குறிக்கவில்லை. எட்வர்ட் சயீத் 1978இல் எழுதிய நூலின் பொருளைக் ‘கீழைத்தேயவியல்’ எனப் பெயர்க்கும்போது, ஞாயிறு எழும் திசை என்னும் மூலப்பொருள் மறைந்து, ‘கீழ்’ என்பதன் தாழ்வுப்பொருள் வாசகர் செவியில் ஒலிக்க இடமுண்டு. சயீத்தின் வாதம் மேற்கு கிழக்கின் மேல் ஏற்றிய மதிப்பீட்டைப் பற்றியது. ஆதலின் இவ்வொலிப்பு பொருத்தமாகவும் தோன்றலாம். ஆனால் அது தமிழ்ச்சொல்லின் விளைவேயன்றி மூலநூலின் கருத்தன்று.

சொல்லால் விளையும் தீங்கு

கலைச்சொல்லாக்கம் அறிஞருக்குள் நிகழும் வழக்கு மட்டுமன்று என்பதற்குப் பாலீர்ப்பு பற்றிய சொற்களே சான்று. உச்சநீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதனை மனிதர்க்கு இயல்பாய் அமைந்த பண்பாகக் கொண்டது. இதனைப் ‘பாலியல் விருப்பத் தேர்வு’ எனப் பெயர்த்தால், தெரிந்து மேற்கொண்ட செயல் என்னும் பொருள் வந்துவிடும். ‘பாலியல் சார்பு’ என்பதோ ஒருபக்கச் சாய்வையும் பிறரைச் சார்ந்திருத்தலையும் உடன்கொண்டு வருகிறது. ‘பாலீர்ப்பு’ இவ்விரு குறைகளும் அற்றது. சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டலையடுத்துத் தமிழ்நாடு அரசு 2022இல் இத்துறைச் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட நேர்ந்தமை, சொல்லின் பிழை மனிதரின் மதிப்பைத் தீண்டும் என்பதை உணர்த்துகிறது.

‘நோக்கில்’ என்னும் தலைப்புகள்

தமிழாய்வுக்குள் வருவோம். ‘பெண்ணிய நோக்கில்’, ‘உளவியல் நோக்கில்’, ‘அமைப்பியல் நோக்கில்’ எனத் தலைப்பிடப்படும் ஆய்வேடுகள் பல. இங்கு நோக்கு என்பது அணுகுமுறையா, ஆய்வாளரின் நிலைப்பாடா, அடைய விரும்பும் பயனா என்பது பெரும்பாலும் விளக்கப்படுவதில்லை. முன்னுரையில் கோட்பாட்டின் வரலாறு கூறப்படும். பின்வரும் இயல்களில் பாடற்பொருள் தொகுத்துரைக்கப்படும். இரண்டையும் இணைக்க வேண்டிய முறையியல் இடையில் காணாமற் போகும். ‘நோக்கு’ என்னும் சொல்லின் நெகிழ்ச்சி இவ்விடைவெளியை மறைக்கும் திரையாக அமைந்துவிடுகிறது.

மேலும், நோக்கு என்பது வெற்றுச்சொல் அன்று. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுறுப்பு முப்பத்துநான்கனுள் ஒன்றாக அதனை வைத்துள்ளது. கேட்போரை மீட்டும் நோக்கச் செய்யும் செய்யுட்பண்பாக உரையாசிரியர்கள் அதனை விளக்குவர். பாட்டின் உறுப்பாக இருந்த சொல்லை ஆய்வாளரின் பார்வைக்குப் பெயராக்கியபோது, பாட்டு வேண்டும் கவனம் பின்தள்ளப்பட்டுக் கோட்பாட்டின் பெயர் முன்னிற்கலாயிற்று. இதனை ஒரு குறியீடாகவே கொள்ளலாம்.

செய்யத்தக்கன

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் சீர்மை வேண்டும் எனச் சிலர் வாதிடுவர். ஒரு துறைக்குள் அது தேவையே. துறைகளுக்கிடையே அது பொருளைக் குலைக்கும். கட்டடத்திற்கும் பரப்பிற்கும் திசையமைவு, மனத்திற்குத் திசைகோள், பாலியலுக்கு ஈர்ப்பு எனப் பிரித்து வழங்குவதே தெளிவு. புதிதாய்ப் பணியேற்கும் ஆசிரியர்க்கான பயிற்சிக்கு ‘ஆற்றுப்படுத்தல்’ பொருந்தும். முன்னர் வழிச் சென்று பயன்பெற்றவர் எதிர்ப்பட்டவரை நெறிப்படுத்தும் ஆற்றுப்படையைத் தனி இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். அச்சொல் இன்று உளவியல் அறிவுரைத் துறையிலும் வழக்கில் உள்ளது.

இப்பிரிவினைக்கு ஓர் எல்லை உண்டு. சாரா அகமது 2006இல் வெளியிட்ட நூல், உடல் வெளியில் திசைகொள்வதையும் பாலீர்ப்பையும் ஒரே சொல்லால் இணைத்தே தம் வாதத்தை அமைத்துள்ளது. அத்தகைய நூலைப் பெயர்ப்போர் இரு பொருளுக்கும் ‘திசைகோள்’ என்னும் ஒரே சொல்லை ஆண்டு, அதற்கான காரணத்தையும் உரைக்க வேண்டும். சொற்களைப் பிரிப்பதும் இணைப்பதும் நூலின் வாதத்தைப் பொறுத்தன.

முடிவுரை

திசை என்பது தனித்து நில்லாது. நிற்கும் இடமும் அளக்கும் சட்டகமும் இருந்தாலன்றித் திசை இல்லை. நெடுநல்வாடை கூறும் அரண்மனைக்கும் கோல்நட்டு நிழல்கண்டு திசை தெளிந்த பின்னரே கயிறிடப்பட்டது. ஆய்வேட்டின் தலைப்பில் ‘நோக்கில்’ என எழுதுவோர், எங்கே நின்று, எதனை அளவாகக் கொண்டு, எதனை நோக்குகின்றனர் என்பதை முதல் இயலிலேயே சொல்லிவிட வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவது நெறியாளர்க்கும் தேர்வாளர்க்கும் உரிய கடமையாகும்.